விகடகவியத் திருப்பிப் போட்ட சனிக்கிழமை

மூணு மாசமா ஒரு விஷயம் மனச உறுத்திக்கிட்டே கெடக்கு. இலங்கை மலையகத்துல கொட்டகலைக்கு மேல இருக்குற எங்க தேயிலத் தோட்டத்துல, பழைய புள்ளக்காம்பராவுல (வேலைக்குப் போறவங்க கைப்புள்ளைங்கள விட்டுட்டுப் போற எடம்), சனிக்கிழமை சனிக்கிழமை ஏ/எல் (உயர்தரப் பரீட்சை) புள்ளைங்களுக்கு ஐசிடி, அதாவது கொம்பியூட்டர் பாடம், சொல்லிக் குடுக்குறேன். ஒம்பது புள்ளைங்க, ரெண்டு லெப்டொப். அன்னைக்கு எடுத்தது எல்லாருக்கும் தெரிஞ்ச கேள்விதான், ஒரு சொல்ல முன்னால இருந்து வாசிச்சாலும் பின்னால இருந்து வாசிச்சாலும் ஒண்ணா வருதான்னு பாக்குற புரோகிராம். பைதன்ங்கிற புரோகிராம் மொழியில ஒத்த வரி. சொல்லத் திருப்பிப் போடு, பழசோட ஒப்பிடு, ஒண்ணா இருந்தா ‘ட்ரூ’, இல்லன்னா ‘ஃபோல்ஸ்’. இங்கிலீஷ்ல ‘மேடம்’, ‘லெவல்’ எல்லாம் போட்டுப் பாத்தோம், சரியா வந்துச்சு. அடுத்த கேள்விக்குப் போகலாம்னு போர்ட அழிச்சுக்கிட்டு இருந்தப்ப கடைசி பெஞ்சுல இருந்த ஒரு புள்ள, “சேர், விகடகவி போட்டேன், ஃபோல்ஸ்னு வருது”ன்னுச்சு.

போய்ப் பாத்தேன். எழுத்துப் பிழை இருக்குமோன்னு நானே அழிச்சுட்டுத் திரும்ப டைப் பண்ணேன். அப்பவும் ஃபோல்ஸ். நாலாம் அஞ்சாம் வகுப்புலயே ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வாசிக்கிற சொல்லுன்னு நம்ம எல்லாருக்கும் சொல்லிக் குடுத்த முதல் உதாரணமே விகடகவிதான, அதப் போய் இல்லன்னு சொல்லுது. மணி பன்னெண்டு ஆகப் போகுது, இன்னும் மூணு கேள்வி பாக்கி இருக்கு. நான் என்ன சொன்னேன்னா, “தமிழ்ல அப்படித்தான்மா வரும், பேப்பர்ல இங்கிலீஷ் சொல்லுதான் குடுப்பாங்க, விடு.” அந்தப் புள்ள “சரி சேர்”ன்னு சொல்லிட்டு, கொப்பியில எழுதி வச்சிருந்த விகடகவி மேல பேனாவால ஒரு கோடு போட்டுச்சு. அவ்வளவுதான் நடந்தது. ஆனா அந்தக் கோடு இன்னும் கண்ணுலயே நிக்குது.

நான் ஏன் அவ்வளவு லேசா ‘விடு’ன்னு சொன்னேன்னு யோசிச்சுப் பாத்தா, நான் படிச்ச விதம் அப்படி. ஏ/எல் முடிச்சு, டிப்ளோமா ஒண்ணு செஞ்சு, வேல தேடிக் கொழும்புக்குப் போனப்ப வெள்ளவத்தையில ஒரு ரூம்ல மூணு பேரு இருந்தோம். இன்டர்வியூவுல கேக்குற கேள்விங்கன்னு ஒரு கட்டுப் பேப்பர் கை மாறி கை மாறி வந்துச்சு. ஸ்ட்ரிங்கத் திருப்புறது, பகா எண் பாக்குறது, பிபோனாச்சி, ஒரு அணியில, அதாவது வரிசையா வச்ச எண்ணுங்கள்ல, எந்த ரெண்டு எண்ணக் கூட்டுனா குடுத்த தொகை வரும்னு கண்டுபிடிக்கிறது, வரிசைப்படுத்துறது, நடுவுல பிரிச்சுத் தேடுறது. ராவெல்லாம் உக்காந்து விடைய மனப்பாடம் பண்ணோம், தேவாரம் பாடமாக்குன மாதிரி. ஒரு எழுத்து மாறாம எழுதுவேன். விடை எந்த இடத்துல சரி, எந்த இடத்துல சரி இல்லன்னு அந்தப் பேப்பர் கட்டுல ஒரு எடத்துலயும் எழுதல, எனக்கும் கேக்கத் தோணல.

ஒரு கம்பனி இன்டர்வியூவுல நடுவுல பிரிச்சுத் தேடுறதக் கேட்டாங்க. வரிசையா அடுக்கி வச்ச 600 பேரு உள்ள ஒரு செக்ரோல்ல, அதாவது தோட்டத்துப் பேர்ப் பட்டியல்ல, ஒரு பேரத் தேடணும்னா, நடுப்பேரப் பாத்து, முன்னாலயா பின்னாலயான்னு முடிவு பண்ணி, பாதியத் தள்ளிட்டு, மிச்சப் பாதியில திரும்ப நடுப்பேரப் பாத்துன்னு போனா, அதிகபட்சம் பத்துத் தடவைக்குள்ள முடிஞ்சிடும், ஏன்னா பத்து ரெண்டப் பெருக்குனா 1024. இதெல்லாம் தண்ணியா ஓடும் எனக்கு. ஜாவாங்கிற இன்னொரு மொழியில எழுதிக் காட்டுனேன். முன்னால ஒரு இடம், பின்னால ஒரு இடம், ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா நடு. கேட்டவரு அந்த வரியில வெரல வச்சு, “இந்தக் கூட்டுத்தொக கொள்ளலைன்னா என்ன ஆகும்?”ன்னாரு. எனக்குக் கேள்வியே வெளங்கல. பேசாம இருந்தேன். அந்த வேல கெடைக்கல.

ரொம்ப நாள் கழிச்சுத்தான் அதுக்கு அர்த்தம் தெரிஞ்சுச்சு. ஜாவாவுல சாதாரண முழு எண்ணுக்கு உச்சம் 2147483647, அதாவது 214 கோடிச் சொச்சம். முன் இடமும் பின் இடமும் பெருசா இருந்து கூட்டுனா அதத் தாண்டும், தாண்டுனா எண் சுத்திப் போய் கழித்தல் எண்ணா மாறிடும், இல்லாத எடத்துல போய்த் தேடும். இந்தப் பிழை ஜாவா கூடவே வந்த தேடல் புரோகிராம்லயே கிட்டத்தட்ட 9 வருஷம் யார் கண்ணுக்கும் படாம இருந்துச்சு, அத எழுதுன ஜொஷுவா பிளொக்கே 2006ல வெளிய சொன்னாரு. ரெண்டையும் கூட்டாம, பின்னதுல முன்னதக் கழிச்சு, அதுல பாதிய முன்னதோட சேத்தா போதும், பிரச்சன தீந்துச்சு. பைதன்ல முழு எண்ணுக்கு அப்படி உச்சம் கெடையாது, அதனால அங்க இந்தக் கவல இல்ல. ஆனா அத்தன பெரிய மனுசங்க அத்தன வருஷம் பாத்த பத்து வரி அது. அவ்வளவு பெரிய அணி யாருகிட்டயும் இல்லாத வரைக்கும் அந்த விடை சரியாத்தான் இருந்துச்சு. பெரிய அணி வந்தன்னைக்குத்தான் உடைஞ்சுச்சு.

இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்தப் புள்ளகிட்ட விடுன்னேன்.

விகடகவிக்குள்ள எத்தன எழுத்து

அன்னைக்கு ராத்திரி மழ விடவே இல்ல, தகரத்துல அடிக்கிற சத்தத்துல தூக்கமும் வரல, லெப்டொப்பத் தொறந்தேன். விகடகவியோட நீளம் என்னன்னு கேட்டேன். 7ன்னு சொல்லுச்சு. நமக்கு வி, க, ட, க, வி, அஞ்சு எழுத்து. கொம்பியூட்டருக்கு வ, அப்புறம் இகரத்தோட கொக்கி, க, ட, க, திரும்ப வ, திரும்பக் கொக்கி. எல்லா மொழி எழுத்துக்கும் கொம்பியூட்டர்ல ஒரு எண் குடுத்து வைக்கிற பொது முறைதான் யூனிகோட், அதுல தமிழுக்கு ஒதுக்குனது மொத்தமே 128 இடம்தான், நம்ம எழுத்து 247. அதனால உயிர்மெய்க்குத் தனி இடம் குடுக்கல, மெய்யெழுத்த அகரத்தோட ஒரு இடத்துல வச்சு, கால், கொக்கி, கொம்பு, புள்ளி எல்லாத்துக்கும் வேற இடம் குடுத்து, பக்கத்துல பக்கத்துல வந்தா சேத்துக் காட்டிக்கன்னு விட்டுட்டாங்க. கண்ணுக்கு ஒரு எழுத்து, உள்ள ரெண்டு துண்டு.

இப்ப அந்த ஏழு துண்டையும் திருப்பிப் போட்டுப் பாருங்க. முதல்ல ஒட்டுறதுக்கு எழுத்தே இல்லாம ஒரு கொக்கி தனியா நிக்கும், ஸ்க்ரீன்ல ஒரு புள்ளி வட்டத்துல தொங்கிக்கிட்டு வரும். அடுத்து வ, க, ட. அதுக்கடுத்த க மேல இன்னொரு கொக்கி போய் ஒட்டிக்கிட்டு கி ஆயிடும். கடைசியில மொட்ட வ. ‘வகடகிவ’ன்னு என்னமோ ஒண்ணு. இது எப்படி விகடகவிக்குச் சமமாகும்? கொம்பியூட்டர் சொன்னது சரிதான், நாங்க குடுத்த வேலதான் தப்பு. எழுத்தத் திருப்புன்னு சொன்னதா நாங்க நெனச்சோம், உண்மையில துண்டத் திருப்புன்னு சொல்லியிருக்கோம். இங்கிலீஷ்ல எழுத்தும் துண்டும் ஒண்ணா இருக்கறதால அந்த வித்தியாசம் வெளிய தெரியவே இல்ல.

அப்புறம் ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்க ஆரம்பிச்சேன். ‘மாமா’ ஃபோல்ஸ். ‘தேரு வருதே’ ஃபோல்ஸ், இதுல நடுவுல உள்ள இடைவெளியும் ஒரு துண்டு, அதயும் எடுக்கணும். ‘பாப’ன்னு போட்டேன், ட்ரூன்னு வந்துச்சு! ப, கால், ப, துண்டாப் பாத்தா ரெண்டு பக்கமும் ஒண்ணு, எழுத்தாப் பாத்தா பா வேற ப வேற. ஆக இந்த ஒத்த வரி உள்ளத இல்லங்குது, இல்லாதத உள்ளதுங்குது. இத்தன வருஷமா இதத்தான் சரியான விடைன்னு புள்ளைங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கேன்.

தீர்வு ஒண்ணும் பெரிய வித்த இல்ல. சொல்லத் துண்டு துண்டா முன்னால இருந்து பாத்துக்கிட்டே போகணும். வந்த துண்டு தனியா நிக்கக்கூடிய எழுத்தா இருந்தா ஒரு லிஸ்ட்ல புதுசாப் போடு, கால் கொம்பு கொக்கி புள்ளின்னு இன்னொண்ணுல ஒட்டுற துண்டா இருந்தா லிஸ்ட்ல கடைசியா இருக்குறதோட ஒட்டு. யூனிகோட்ல ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வகை இருக்கு, ஒட்டுக்குறி எல்லாத்துக்கும் வகைப் பேரு ‘எம்’ங்கிற எழுத்துல தொடங்கும், பைதன்ல அதக் கேக்கலாம். இப்படித் திரும்பத் திரும்பச் செய்யிற லூப் முடிஞ்சா லிஸ்ட்ல வி, க, ட, க, வி அஞ்சும் இருக்கும். இப்ப லிஸ்டத் திருப்பு, ஒப்பிடு. ட்ரூ. மொத்தம் எட்டு வரி. பரீட்சையில கேக்குற லூப், நிபந்தன, அணி எல்லாம் இந்த எட்டு வரிக்குள்ளயே இருக்கு, இதவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இன்னொரு விஷயம், இது அடிக்கடி ஆள மாட்டி விடும். கோ எழுத்த ரெண்டு விதமா உள்ள வைக்கலாம், க பக்கத்துல ஓகாரக் குறி ஒரே துண்டா, இல்லன்னா இரட்டக் கொம்பு ஒண்ணு கால் ஒண்ணுன்னு ரெண்டு துண்டா. பாக்க ரெண்டும் ஒண்ணுதான், ஒப்பிட்டா ஃபோல்ஸ். கோமதின்னு பேரு உள்ளவங்க லிஸ்ட்ல இருந்தும் தேடுனா கெடைக்க மாட்டாங்க. ஒப்பிடுறதுக்கு முன்னால ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்துற ஃபங்க்ஷன் யூனிகோடோடயே வருது, அதக் கூப்பிட்டா போதும். ஆனா ஔவுக்குப் பதிலா ஒ, ள ரெண்டும் டைப் பண்ணியிருந்தா அதுவும் காப்பாத்தாது, அது நிஜமாவே வேற எழுத்து. பாமினி ஃபொன்ட்ல டைப் பண்ண பழைய ஃபைலுங்க கதை தனி, அங்க உள்ள இருக்கறதே இங்கிலீஷ் எழுத்துதான், ஃபொன்ட் தான் தமிழாக் காட்டுது, முதல்ல அத யூனிகோடுக்கு மாத்தாம எந்தக் கேள்விக்கும் விடை வராது.

அடுத்த சனிக்கிழமை

போன உடனே அந்தப் புள்ளகிட்ட போன வாரம் நான் சொன்னது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். அப்புறம் போர்ட்ல எதுவும் எழுதாம, கொப்பிப் பேப்பரக் கிழிச்சு சின்னச் சின்ன சீட்டாக்கி, ஒவ்வொரு சீட்டுலயும் ஒரு துண்டு எழுதி, ஏழு புள்ளைங்க கையில குடுத்து வரிசையா நிக்க வச்சேன். திரும்பி நில்லுங்கன்னதும் கொக்கிச் சீட்டு வச்சிருந்த பையன் முதல் ஆளா வந்து நின்னான், எதுல ஒட்டுறதுன்னு தெரியாம முழிச்சான், எல்லாருக்கும் அங்கேயே வெளங்கிருச்சு. போலிக் குறிமுறை, பாய்ச்சற் கோட்டுப்படம்னு நான் அரை மணி நேரம் போர்ட்ல வரைஞ்சிருந்தாலும் இவ்வளவு வேகமா வெளங்கியிருக்காது. கொக்கி வச்சிருக்கவன் பக்கத்து ஆளு கையப் புடிச்சுக்கணும்னு ஒரு புள்ள சொல்லுச்சு, அதத்தான் எட்டு வரியா எழுதுனோம்.

முடிச்ச உடனே சண்ட வந்துச்சு. ‘ஸ்ரீ’ போட்டா ரெண்டுன்னு எண்ணுது, ஸ் ஒண்ணு, ரீ ஒண்ணு. அது ஒரே எழுத்துன்னு பாதிப் பேரு, ரெண்டுன்னு மிச்சப் பேரு. க்ஷ என்ன? சொல்லுக்கு நடுவுல இடைவெளிய எழுத்தா எண்ணணுமா? இங்கிலீஷ் கேள்வியில பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் பாக்காதேன்னு ஒரு குறிப்பு இருக்கும், நமக்கு அப்படி ஒரு குறிப்பு யாரும் எழுதி வைக்கல, அத நம்மதான் எழுதணும். அதனால இப்ப எங்க கிளாஸ்ல எந்தப் புரோகிராம் எழுதுனாலும் முதல் வரி கமெண்ட், அதாவது கொம்பியூட்டர் கண்டுக்காத, வாசிக்கிறவங்களுக்கான குறிப்பு, அதுல இந்தக் கேள்வியில எழுத்துன்னா எது, இல்ல எண்ணுன்னா எதுன்னு தமிழ்ல ஒரு வசனம் எழுதிட்டுத்தான் மத்தது. ஸ்ரீ பத்தி இன்னும் முடிவாகல.

இப்படி ஒரு தடவ பாக்கப் பழகிட்டா பழைய கேள்வி எல்லாமே வேற மாதிரி தெரியுது. மூணால வகுபட்டா ஃபிஸ், அஞ்சால வகுபட்டா பஸ், ரெண்டாலயும் வகுபட்டா ஃபிஸ்பஸ்ங்கிற கேள்வியில புள்ளைங்க விடுற பிழை எப்பவும் ஒண்ணுதான், மூணுங்கிறத முதல்ல கேட்டுடுறாங்க, 15 அங்கேயே மாட்டிக்கிட்டு ஃபிஸ்னு மட்டும் வருது, இறுக்கமான நிபந்தனைய முதல்ல கேக்கணும். லீப் வருஷம் நாலால வகுபட்டா போதும்னு எழுதுறவங்களுக்கு 1900த்தப் போட்டுப் பாக்கச் சொல்லுங்க, அது லீப் வருஷம் இல்ல, 2000 லீப் வருஷம். 0.1ஓட 0.2வ கூட்டுனா 0.30000000000000004ன்னு வருதே சேர்னு வருஷா வருஷம் ஒரு புள்ளயாவது பயந்து போய்க் கேக்கும், பத்துல ஒண்ண ரெண்டடிமானத்துல முழுசா எழுத முடியாது, மூணுல ஒண்ண நம்ம தசமத்துல எழுத முடியாத மாதிரி. காசு, நிறை எல்லாத்தையும் சதமா, கிராமா முழு எண்ணுல வச்சுக்கன்னு சொல்லுவேன்.

கிராமுன்னு சொன்னதுந்தான் அம்மாவோட கொப்பி ஞாபகம் வந்துச்சு.

அம்மா கொழுந்து பறிச்ச காலத்துல ஒரு நாளைக்கு மூணு நிறுவ. காலையில, பகல்ல, சாயந்தரம். தராசு முள்ளு எங்க நிக்குதுன்னு அம்மா பாத்து வச்சுக்கிட்டு வந்து ராத்திரி சொல்லும், லாம்பு வெளிச்சத்துல நான் எழுதுவேன். பன்னெண்டு பதிமூணு வயசு எனக்கு. எங்க தோட்டத்துல அப்ப ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுச் சம்பளத்துக்கு, 18 கிலோ. அதுக்கு மேல பறிச்சா கிலோவுக்கு இவ்வளவுன்னு தனிக்காசு, குறைஞ்சா அரைப்பேரு. ஒவ்வொரு நிறுவையிலயும் கிலோவுக்கு மேல உள்ள கிராம எழுத மாட்டாங்க. சாக்குக்கு, தண்ணிக்குன்னு கழிக்கிறது வேற. ஒரு நாள் நான் கேட்டேன், ஆறு கிலோ தொள்ளாயிரத்த எப்படிம்மா ஆறுன்னு எழுதுறாங்கன்னு. அம்மா சொன்னது, “நானுங் கேட்டேன், சில்லறைய விடுங்குறாங்க. விடு, படி.”

போன வாரம் அந்தக் கொப்பிய எடுத்துட்டு வந்து உக்காந்தேன். பைதன்ல ‘இன்ட்’ங்கிற ஃபங்க்ஷன் செய்யிறதும் அதான், புள்ளிக்குப் பின்னால உள்ளத வெட்டிடும். ஆனா அத எங்க கூப்பிடுறோம்ங்கிறதுல எல்லாம் இருக்கு. ஒரு நாள் கணக்கு 7 கிலோ 600, 6 கிலோ 700, 5 கிலோ 800. கூட்டிட்டு வெட்டுனா 20. வெட்டிட்டுக் கூட்டுனா 7, 6, 5, மொத்தம் 18. ஒரே ஃபங்க்ஷன், ஒரே எண்ணு, வரி ரெண்டையும் இடம் மாத்திப் போட்டதுல ரெண்டு கிலோ போச்சு. அன்னைக்குப் பேராவது கெடச்சுச்சு. இன்னொரு நாள் 6 கிலோ 900, 5 கிலோ 800, 5 கிலோ 600. கூட்டுனா 18 கிலோ 300, முழுப்பேரு. கொப்பியில அதுக்குப் பக்கத்துல என் கையெழுத்துலயே 16ன்னு இருக்கு, கீழ ‘அரை’ன்னு எழுதியிருக்கேன். அப்ப எனக்கு அது வெறும் எழுத்து, அம்மா சொல்லுச்சு, எழுதுனேன்.

எல்லாத்தையும் கிராமா மாத்தி ஒரு லிஸ்ட்ல போட்டு, ரெண்டு விதமாயும் கணக்குப் பண்ற மாதிரி எழுதி, முதல் வரி கமெண்ட்ல ‘கிலோன்னா மூணு நிறுவையையும் கூட்டுனதுக்கு அப்புறம் வர்றது’ன்னு எழுதுனேன். அம்மா அடுப்பு வேலைய விட்டுட்டு வந்து பக்கத்துல உக்காந்துச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஸ்க்ரீனையும் கொப்பியையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. வெளங்குற மாதிரி முழுசாச் சொன்னேன், எந்த இடத்துல வெட்டுனாங்க, எந்த இடத்துல வெட்டியிருந்தா என்ன வந்திருக்கும்னு. அந்த ஒரு பக்கத்துல மட்டும் 24 நாள் கணக்கு இருந்துச்சு, அதுல அரைன்னு எழுதுன மூணு நாளும் கூட்டிட்டு வெட்டியிருந்தா முழுப்பேரு. அம்மா அந்த மூணு தேதியவும் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் எச்சிலத் தொட்டுப் பக்கத்தத் திருப்பி என் முன்னால வச்சு, “இதயும் போடு”ன்னுச்சு. பெட்டியில இன்னும் நாலு கொப்பி இருக்கு.